சைக்கிள் பழகுதலும் சொல்லின் எல்லையும்

ஒரு திறமையைச் சொல்லால் இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியுமா என்பது அறிவு பற்றிய தத்துவத்தில் தீராத கேள்வி. இருபதாம் நூற்றாண்டு மெய்யியலாளர்கள் அதற்கு உரைகல்லாக அடிக்கடி எடுத்துக்கொண்டது சைக்கிளை. ஓட்டத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். எப்படி ஓட்டுகிறோம் என்று பிழையில்லாமல் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். புதிதாகப் பழகுபவருக்கோ நாலா பக்கமிருந்தும் யோசனை வந்து குவிகிறது. கீழே பார்க்காதே, ஹேண்டிலை இறுக்காதே, மெதுவாகப் போ, பயப்படாதே. இவற்றில் எது அறிவு, எது வெறும் சத்தம், எது பழகுபவரைக் கெடுக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் சைக்கிள் பழகுவதும் சுலபமாகும். கற்றல் என்பதன் இயல்பும் கொஞ்சம் துலங்கும்.

செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் சான்று கிடைக்கிறது. காரைக்குடியை ஒட்டிய கோவிலூரில், கொற்றவாளீசர் கோயிலைச் சார்ந்து, தமிழிலேயே வேதாந்தம் பாடம் சொல்லி வந்த மடம் இருக்கிறது. ஆசிரியர் வாயால் கேட்பதுதான் அறிவின் வாசல் என்று கொண்ட மரபு அது. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் பழகிய மாவட்டம் அது. செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி அந்த மாவட்ட எல்லைக்குள்ளேயே வருகிறது.

தமிழ் வேதாந்த மடங்களில் பாடம் கேட்பவர்கள் தொடக்கத்தில் படிக்கும் நூல்களில் ஒன்று தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம். குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் அமைப்பில் உள்ள அந்த நூலில் பத்தாமவன் கதை வருகிறது. பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஒருவன் எண்ணுகிறான். ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள். தன்னை விட்டுவிட்டு எண்ணியது அவனுக்குத் தெரியவில்லை. பத்தாமவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்கள். அவ்வழியே வந்த ஒருவர் ‘பத்தாமவன் நீதான்’ என்கிறார். அந்த ஒரு வார்த்தையிலேயே அழுகை நின்றுவிடுகிறது. சொல் ஒன்றே நேரடியான அறிவைத் தரும் என்பதற்கு வேதாந்திகள் காட்டும் உதாரணம் இது. பத்தாமவன் எங்கும் போகவில்லை. மறதி நீங்கினால் போதும், பயிற்சி வேண்டியதில்லை.

சைக்கிளுக்கு அப்படியொரு வார்த்தை கிடையாது. எவ்வளவு தேர்ந்த ஆசிரியர் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், கேட்ட மாத்திரத்தில் ஏறி ஓட்டியவர் யாருமில்லை. இந்த வேறுபாட்டை வேதாந்த மரபே முன்கூட்டி உணர்ந்திருக்கிறது. கேட்டல் அறியாமையைப் போக்கும், சிந்தித்தல் ஐயத்தைப் போக்கும், அதற்குப் பிறகும் எஞ்சி நிற்கும் விபரீதத்தை, அதாவது எதிர்த்திசையில் ஊறிப்போன பழக்கத்தை, இடைவிடாமல் ஒன்றிநிற்கும் பயிற்சியாகிய நிட்டைதான் போக்கும் என்று அது மூன்றாகப் பிரிக்கிறது. சைக்கிள் பழகுபவரின் இடர்ப்பாடு பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அவர் அறியாதவரும் அல்லர், ஐயப்படுபவரும் அல்லர். இரண்டு காலில் நடந்தே பழகிய உடம்பு அவருடையது. வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் இழுத்துக்கொள்வது அந்த உடம்பின் குணம். சைக்கிள் கேட்பது நேர் எதிரானதை: வலப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலையும் வலப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் சாய்கிற உடம்புக்குக் கீழே வந்து தாங்கும், வண்டி நிமிரும்.

ஹங்கேரியில் பிறந்து மான்செஸ்டரில் பணியாற்றிய மைக்கேல் போலான்யி, 1958-இல் வெளியான ‘பர்சனல் நாலெட்ஜ்’ நூலில் இதையே எடுத்து ஆராய்ந்தார். சாய்கிற பக்கம் ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி வளைந்து போகும்; வளைவில் எழும் விசை சாய்வை ஈடுசெய்யும். ஒரே அளவு சாய்வுக்கு வளைவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். இந்த விதி உண்மை. ஓட்டுபவர் ஒவ்வொருவரும் இதன்படிதான் ஓட்டுகிறார். ஆனால் விதியை மனப்பாடம் செய்தவர் அதனால் ஓட்டிவிட முடியாது. ஓட்டுபவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. மனிதர் சொல்ல முடிவதைவிட அறிந்திருப்பது அதிகம் என்ற தமது கொள்கைக்கு அவர் இதைத் துணையாகக் கொண்டார்.

சொல்ல முடியாமை ஓட்டுபவரின் கல்விக் குறைவால் வருவது இல்லை. அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்து பிறகு விமானம் செய்த ரைட் சகோதரர்களில் வில்பர், ஓட்டத் தெரிந்த பலரிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று விசாரித்தார். சரியான விடை கிடைக்கவில்லை. வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டில் முதலில் ஒரு கணம் இடப்பக்கம் அசைய வேண்டும். அந்தச் சிறு அசைவுதான் வண்டியை வலப்பக்கம் சாய்க்கிறது. சாய்ந்த பிறகே திருப்பம். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் ஆளில்லாத அகலமான தெருவில், நடுத்தர வேகத்தில், வலக்கைப்பிடியை உள்ளங்கையால் மெல்ல முன்னோக்கி அழுத்திப் பார்த்தால் விளங்கிவிடும். சக்கரம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். வண்டியோ வலப்பக்கம் சாயும். ஆண்டுக்கணக்காகத் தாம் செய்துவந்த காரியத்தை அவர் அப்போதுதான் முதல்முறையாக அறிகிறார்.

விஞ்ஞானத்துக்கே இது எளிதாகப் பிடிபடவில்லை. சுழலும் சக்கரத்தின் விசைதான் வண்டியை விழாமல் நிறுத்துகிறது என்று நெடுநாள் நம்பப்பட்டது. 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டி அந்த விசையை ரத்துசெய்து ஓட்டிப் பார்த்தார், ஓட்ட முடிந்தது. 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இல்லாமலேயே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சோதனை வண்டியைச் செய்து ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் தமது பெடலில்லாத இரு சக்கர வண்டியை 1817-இல் ஓட்டிக் காட்டியதிலிருந்து எண்ணினால், விளக்கம் முழுமையடையாத ஒன்றை மனிதர்கள் இருநூறு ஆண்டுகளாக ஓட்டி வருகிறார்கள்.

இதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் மெய்யியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கில்பர்ட் ரைல் 1949-இல், ‘இன்னது உண்மை என்று அறிவது’ வேறு, ‘செய்ய அறிவது’ வேறு என்று பிரித்தார். ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் ஒரு விதியை எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால், அப்படி எண்ணுவதும் ஒரு செயல்தானே. அதற்கு முன்னால் இன்னொரு விதி வேண்டும். இந்தச் சங்கிலிக்கு முடிவே இராது என்பது அவர் வாதம். 2001-இல் ஜேசன் ஸ்டான்லியும் டிமோதி வில்லியம்சனும் மறுத்தார்கள். ஓட்டத் தெரிந்தவர் ‘இதுதான் ஓட்டும் வழி’ என்ற உண்மையை, செயலுக்கு ஏற்ற முறையில் அறிந்திருக்கிறார். ஆகவே இரண்டும் ஒரே அறிவுதான் என்றார்கள். வாதம் நுட்பமானது. ஆனால் 2015-இல் டெஸ்டின் சாண்ட்லின் என்ற அமெரிக்கப் பொறியாளர் காட்டிய பரிசோதனை ரைலின் பக்கமே கனம் சேர்க்கிறது. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி மாற்றிய சைக்கிள் அது. வண்டியின் இரகசியம் ஒரே வாக்கியம். கேட்ட நொடியில் புரிந்துவிடும். அப்படியும் அதை ஓட்ட அவருக்கு எட்டு மாதம் ஆனது. சிறுவனான அவர் மகன் இரண்டு வாரத்தில் ஓட்டினான். வாக்கியம் இருவருக்கும் ஒன்றுதான். தந்தையிடம் களைய வேண்டிய பழக்கம் அதிகம் இருந்தது. வேதாந்திகள் விபரீதம் என்று சொன்னது இதைத்தான் என்று கொள்வதில் தவறில்லை.

அப்படியானால் யோசனை சொல்வது வீண்தானா? சைவ சித்தாந்தம் இங்கே கைகொடுக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் வழிவழியாகப் பின்பற்றும் நெறி அது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் பதினோராம் நூற்பாவை விளக்கும்போது காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டு பேசப்படுகின்றன. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தாலும் உயிர் அதைப் பொருளில் செலுத்த வேண்டும். செலுத்துவதோடு நில்லாமல் உடன்நின்று தானும் காண வேண்டும். அதுபோல இறைவன் உயிருக்கு அறிவிக்கவும் செய்கிறான், உடனிருந்து அறியவும் செய்கிறான் என்பது கொள்கை. மனித ஆசிரியரால் இந்த இரண்டில் முதலாவதை மட்டுமே செய்ய முடியும். அவர் காட்டலாம், மாணவருக்குள் புகுந்து காண அவரால் ஆகாது. சைக்கிள் பழக்குபவர் தரும் நல்ல யோசனைகள் எல்லாம் காட்டும் உபகாரத்தைச் சேர்ந்தவை. சமநிலையைச் சொல்லிலே கொடுக்கப் பார்க்கும் யோசனைகள் தோற்றுப்போகின்றன. சமநிலை தானாக வருவதற்குத் தடையாக இருப்பவற்றை எடுத்துப்போடும் யோசனைகள் பலிக்கின்றன.

முதல் தடை உயரம். ஊர்ப்புறங்களில் இன்னும் புழங்கும் 28 அங்குலச் சக்கர வண்டி, பார் வைத்தது, ஏறத்தாழ 20 கிலோ எடை. அதில் சீட்டில் உட்கார்ந்தால் புதியவருக்குக் கால் தரையில் எட்டாது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை நுழைத்து ‘குரங்கு பெடல்’ போட்டுப் பழகியது இதனால்தான். 2024-இல் அந்தப் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தது. உடம்பை ஒரு பக்கம் கோணலாகத் தொங்கவிட்டு, வண்டியை மறுபக்கம் சாய்த்து ஓட்டும் அந்த முறை, சாதாரணமாக உட்கார்ந்து ஓட்டுவதைவிடக் கடினம். வறுமையும் ஆசையும் சேர்ந்து கண்டுபிடித்த வழி அது. இன்று பழகுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியும் அளவுக்குச் சீட்டை இறக்கிவிட வேண்டும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பாதிக்கு மேல் அப்போதே போய்விடும். பயம் இருக்கும்வரை கவனம் முழுக்க அதன்மேல்தான் இருக்கும். சாய்வை உணர உடம்புக்கு இடம் கிடைக்காது.

அடுத்த தடை பெடல். சமநிலையையும் மிதிப்பதையும் ஒரே நேரத்தில் கேட்பது இரண்டு பாடத்தை ஒன்றாக நடத்துவது போல் ஆகிறது. இரண்டு பெடல்களையும் கழற்றிவிட்டு, தரையைக் காலால் உந்தி உந்திப் போகச் செய்வது இதுவரை கண்ட முறைகளில் மிகச் சிறந்தது. டிரைஸின் முதல் வண்டி ஓடியதும் அப்படித்தான். கழற்றும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகிவிடும். உந்திய பிறகு கால்களைத் தூக்கிக்கொண்டு வண்டி சற்றுத் தொலைவு தானாக ஓடுகிறது என்ற நிலை வந்துவிட்டால், சைக்கிள் பழகியாயிற்று என்றே கொள்ளலாம். பெடலை மாட்டி மிதிப்பது அதற்குமேல் சில மணி நேரத்து வேலை. சீட்டையும் அப்போது மெல்ல ஏற்ற வேண்டும்: குதிகாலைக் கீழே போன பெடலில் வைத்தால் கால் நேராக நிற்கும் அளவு சரியானது. சீட்டை இறக்கியபடியே நெடுநாள் ஓட்டுபவருக்கு முழங்கால் வலி வரும்.

இடமும் ஒரு யோசனைதான். பழகுபவருக்கு வேண்டியது இறுகிய மண், மிக மெல்லிய சரிவு, சுற்றிலும் மோதுவதற்கு ஒன்றுமில்லாத வெளி. ஊருக்கு வெளியே உள்ள பொட்டல் பொருத்தம். செம்மண் மழைக்குப் பின் காய்ந்து இறுகியிருக்கும் நாள்கள் இன்னும் பொருத்தம். சரளை பரந்த இடம் ஆகாது. உருண்டைக் கற்களின்மேல் சக்கரம் பிடிமானம் இழக்கும், பிரேக் பிடித்தால் சறுக்கும். வற்றிய கண்மாயின் உட்புறம் அகலமாகத் தெரிந்தாலும் வண்டல் வெடித்த பிளவுகளில் சக்கரம் சிக்கிக்கொள்ளும். சீமைக்கருவேலம் மண்டிய பக்கம் போனால் பஞ்சர் உறுதி. வெயில் ஏறுவதற்குள், காலை ஆறு மணி வாக்கில், முடித்துக்கொள்வது நல்லது.

‘மெதுவாகப் போ’ என்பது அன்பால் சொல்லப்படும் தவறான யோசனை. வேகம் குறையக் குறைய, அதே சாய்வை ஈடுசெய்ய ஹேண்டிலை மிக அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். முன்னே சொன்ன விதியின் நேரடி விளைவு இது. நடை வேகத்துக்குக் கீழே போனால் தேர்ந்தவரும் தள்ளாடுவார். ஓட்ட நடை வேகம் வந்தால் வண்டியே பாதி வேலையைச் செய்துகொள்ளும். ‘முன்சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்தில் பார்’ என்பதோ நல்ல யோசனை. அது சமநிலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கவனத்தை மட்டும் இடம் மாற்றுகிறது. சுத்தியலால் ஆணி அடிப்பவர் உள்ளங்கையில் படும் அதிர்வை உணர்ந்தாலும் கவனத்தை ஆணியின்மேல் வைக்கிறார். கவனம் கைக்குத் திரும்பினால் அடி பிசகும் என்று போலான்யி விளக்கினார். எதிலிருந்து எதை நோக்கிக் கவனிப்பது என்பதைச் சொல் மாற்ற முடியும். சொல்லுக்கு உள்ள உண்மையான ஆற்றல் அங்கேதான் இருக்கிறது.

பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவது ஊரெங்கும் உள்ள வழக்கம். அதில் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. ‘பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவார்கள். பழகுபவர் தனியாக ஓட்டிக்கொண்டிருப்பார். தெரிந்ததும் சிலர் மகிழ்ச்சியில் கூவுவார்கள், சிலர் திடுக்கிட்டு விழுவார்கள். இந்தப் பொய் குற்றமா? வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் மெய்யின் இடத்தில் வைக்கிறார். நன்மை இங்கே கண்ணெதிரே தெரிகிறது. ஆனாலும் குற்றமில்லாத நன்மைதானா என்று பார்க்க வேண்டும். பழகுபவர் அந்தக் கையை நம்பித்தான் தம் பயத்தை விட்டார். கை பொய் சொன்னது என்று தெரிந்தால், மறுமுறை ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்த்தால் வண்டி அந்தப் பக்கம் போகும். குழந்தை இதை ஒரு நாளில் மறக்கும். நாற்பது வயதில், வெட்கத்தை விட்டுப் பழக வந்த ஒருவர் மறப்பதில்லை. இதற்கு நேர்மையான மாற்று இருக்கிறது: ‘கையை எடுப்பேன், எப்போது என்று சொல்ல மாட்டேன்’ என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். அது மெய்; பலனும் அதேதான். பிடிக்கும்போதும் ஹேண்டிலைத் தொடக் கூடாது, சீட்டின் பின்புறத்தையோ பழகுபவரின் தோளையோ மட்டும் தாங்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்தால் சாய்வுக்குப் பதில் சொல்வது பிடித்தவரின் கை. பழகுபவரின் உடம்பு எதையும் கற்காது.

வைணவத்தில் அருள் பற்றி நடந்த பழைய வாதத்தில், தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையாரும், தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக் குட்டியைத் தென்கலையாரும் எடுத்துக்காட்டினார்கள். முயற்சி எவ்வளவு, ஒப்படைப்பு எவ்வளவு என்ற அந்தக் கேள்வி சீட்டைப் பிடித்த கைக்கும் பொருந்தும். ஆனால் விடை வேறு. முக்தியில் அந்தப் பிடி நீங்குவதில்லை. இங்கே பிடி விலகுவதற்காகவே வந்தது. விலகாத உதவி கற்பித்தலாகாது.

பொட்டலை விட்டுத் தெருவுக்கு வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அறிவு வரும் வழிகளைப் பேசி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். சமநிலை காண்டலால் மட்டுமே வரும். சாலையை அப்படிக் கற்கவே கூடாது. பட்டுத் தெரிந்துகொள்வதற்கு அங்கே இரண்டாம் வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம். இடப்பக்கமே போக வேண்டும், திரும்பும் முன் கை காட்ட வேண்டும், நிற்கும் காரின் கதவு எந்த நேரமும் திறக்கும், பேருந்தின் இடப்பக்க இடைவெளியில் நுழையக் கூடாது: இவையெல்லாம் உரையால் வர வேண்டிய அறிவு. பெரியவர் சொல்லைக் கேட்பது இங்கே அடிமைத்தனம் ஆகாது. பிறர் உயிர் கொடுத்துக் கற்றதை விலையில்லாமல் பெறுவது அது. பிரேக்கும் இதில் சேரும். இந்தியாவில் பெரும்பாலான வண்டிகளில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. வண்டியை எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். வேகத்தில் முன்பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் ஆள் ஹேண்டிலைத் தாண்டிப் போவார். இரண்டையும் சேர்த்து, சற்று முன்னதாக, மெல்லப் பிடிப்பது நல்லது; சரளையில் பின்பிரேக்கையே பெரிதும் நம்ப வேண்டும். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இல்லாமல் இருட்டில் நெடுஞ்சாலைக்குப் போவது கூடாது. தலைக்கவசம் வழக்கத்தில் இல்லாவிட்டாலும் அணிவதே சரி.

கருதல், அதாவது உள்ளதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது, செட்டிநாட்டுத் தெருக்களில் சிறப்பாக வேண்டப்படுகிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் போன்ற ஊர்களில் தெருக்கள் நேர்க்கோடாக ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்ட வீடுகள், ஆள் உயரத்தைத் தாண்டிய சுவர்கள். சந்திப்புக்கு வந்து சேரும்வரை குறுக்குத் தெருவில் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நேரான ஆளில்லாத தெரு வேகத்தைத் தூண்டும், ஆபத்து அதில்தான். சுவருக்கு அப்பால் கேட்கும் டிராக்டர் சத்தம், முனையில் தரையில் விழும் நிழல், தெருவுக்கு உருண்டு வந்த ஒரு பந்து, இவற்றிலிருந்து வரப்போவதை அறிய வேண்டும். ஒவ்வொரு முனையிலும் பிரேக்கில் விரல் வைத்து, மணி அடித்து, நடை வேகத்துக்குக் குறைத்துக் கடப்பது அந்த ஊர்களுக்கு உரிய ஓட்டு முறை.

போலான்யி போன்ற மெய்யியலாளர்கள் எடுத்துக்கொண்ட சைக்கிள்காரர் தனி ஆள். அவருக்கு வண்டி இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஏறக் கூடாது என்று தடுப்பவர் யாருமில்லை. புதுக்கோட்டைப் பெண்களின் நிலை அதுவல்ல. அங்கே அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், 1991-இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் பழக்குவதையும் சேர்த்தார். எழுத்தறிவு பெறும் பெண்ணும் கற்பிக்கும் பெண்ணும் பிறர் தயவின்றி ஊர் விட்டு ஊர் போக வேண்டும் என்பது நோக்கம். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்தார், 1996-இல் வந்த அவருடைய நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் போதாமல் போய், பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியையே ஓட்டினார்கள். சிலருக்கு அதுவே பிடித்துப்போயிற்று, பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால். கல்குவாரித் தொழிலாளிகள், விளைபொருளைத் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோனவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பலதரப்பட்டவர்கள். தொடக்கத்தில் கேலியும் வசவும் தாராளமாகக் கிடைத்தன.

அந்தப் பெண்களின் உடம்பில் சமநிலைக்கு வேண்டியது எதுவும் குறைவாக இருந்ததில்லை. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து வரப்பில் நடந்தவர்கள் அவர்கள். பழகாமல் இருந்ததற்குக் காரணம் வண்டி கைக்கு வராததும், பெண் கால் வீசி ஏறுவதை ஊர் ஒப்பாததும். வெட்கமும் விபரீதமே, ஆனால் தனி ஒருத்தியின் நிட்டையால் நீங்கும் வகை அன்று. கூட்டமாக ஏறியபோது நீங்கியது. ஒருத்தி விழுந்தால் ஊர் சிரிக்கும். நூறு பேர் பழகும் திடலில் விழுவது சாதாரணம். சொல்லால் தர முடியாத அறிவு என்று மெய்யியலாளர்கள் எதைச் சொன்னார்களோ, அது முளைக்கவே கூட்டமும் திடலும் கடனுக்குக் கிடைக்கும் வண்டியும் ஓர் அரசு அலுவலகத்தின் பின்பலமும் தேவைப்பட்டன. திறமை தனி உடம்பில் குடியிருந்தாலும், அதைப் பெறும் வாய்ப்பு ஊரார் கையில் இருந்தது. அறிவு பற்றிய தத்துவம் இந்தப் பாதியை நெடுநாள் கவனிக்காமல் விட்டது பெரிய குறை.

பழகிய பெண்களில் பலர் உடனே பயிற்சியாளராகவும் விரும்பினார்கள் என்பது அந்த இயக்கத்தில் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தி. முப்பது ஆண்டு ஓட்டியவரைவிடப் போன மாதம் பழகியவர் நல்ல ஆசிரியராக அமைவது வியப்பில்லை. நெடுநாள் ஓட்டியவருக்குத் தம் பழைய பயம் மறந்துபோயிருக்கும். எது தடையாக இருந்தது என்று அவரால் சொல்ல முடியாது. ‘தானா வந்திடும்’ என்பார். போன மாதம் பழகியவருக்கு எந்த இடத்தில் கை இறுகியது, எந்தக் கணத்தில் கண் கீழே போனது என்பது நினைவிருக்கும். சமநிலையை அவராலும் சொல்லித்தர முடியாது. தடைகளைப் பெயர் சொல்லிக் காட்ட அவரால் முடியும். ஆகவே புதிதாகப் பழக நினைப்பவர் முதலில் தேட வேண்டியது, தம்மைப் போன்ற வயதிலும் உடல்வாகிலும் அண்மையில் பழகி முடித்த ஒருவரை. பழகி முடித்ததும் மறதி வருவதற்குள் அடுத்த ஒருவருக்குச் சீட்டைப் பிடிப்பது அவர் முறை.